கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே போகுதா? காரில் கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி, சரிசெய்வது எப்படி?

வெள்ளிக்கிழமை இரவு. தாம்பரம், வண்டலூர் நெரிசலை எல்லாம் தாண்டி ஒருவழியாகச் செங்கல்பட்டு வந்தாச்சு. இனி ஊர் வரை ஒரே ஓட்டம்தான் என்று நினைக்கும்போது ஏசி சூடான காற்றை ஊத ஆரம்பிக்கிறது. 'கேஸ் கம்மியாகியிருக்கும், ஊருக்குப் போய் பார்த்துக்கலாம்' என்று கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறார் காரில் இருப்பவர். கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டில் சிவப்பு நிறத்தில் ஒரு தெர்மாமீட்டர் படம் எரிகிறது. மதுராந்தகம் வருவதற்குள் பானெட் இடுக்கில் வெள்ளைப் புகை.

கோடை மாதங்களில் நெடுஞ்சாலை ஓரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் கார்களில் பலவற்றின் கதை இதுதான். ஆரம்பத்தில் நோய் ரொம்பச் சின்னது. ரப்பர் ஹோஸ் ஒன்றில் விரல் நகம் அளவு வெடிப்பு, இல்லையென்றால் தளர்ந்துபோன ஒரு கிளிப். அந்த நிலையில் பிடித்தால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். 'திண்டிவனம் பக்கம்தானே, அங்க மெக்கானிக் இருப்பாரு' என்று சிவப்பு விளக்கோடு ஓட்டினால் இன்ஜினைப் பிரிக்க வேண்டிய நிலை வரும். பில் ஐந்து இலக்கத்துக்குப் போகும். சிலருக்கு அது பழைய காரின் விலையில் பாதி.

ஏசி சூடாக ஊதியதே முதல் எச்சரிக்கை. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, பாரத்தைக் குறைப்பதற்காகப் பல கார்களின் கணினி ஏசி கம்ப்ரஸரைத் தானாகவே நிறுத்திவிடும். இது பலருக்குத் தெரியாது.

காருக்குள் ஒரு குக்கர்

பெட்ரோலோ டீசலோ எரிந்து கிடைக்கும் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி இன்ஜினின் உலோகத்தில் தங்கிவிடுகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். இன்றைய இன்ஜின்களின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அது உருகாமல் இருப்பதற்குக் காரணம் அதைச் சுற்றி இடைவிடாமல் ஓடும் நாலைந்து லிட்டர் திரவம்.

வாட்டர் பம்ப் அந்தத் திரவத்தைத் தள்ளுகிறது. இன்ஜின் சூடாகும்வரை தெர்மோஸ்டாட் என்ற வால்வு ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். 82 முதல் 90 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் அது திறக்க ஆரம்பிக்கும். சூடான கூலன்ட் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், மெல்லிய குழாய்களில் ஓடி, எதிர்க்காற்றில் ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்பும். காற்று போதாதபோது ஃபேன் ஓடும். அவ்வளவுதான் சிஸ்டம்.

இதில் முக்கியமான பொருள், பார்க்க அற்பமாக இருக்கும் ரேடியேட்டர் மூடி. அதற்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு இருக்கிறது. வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம் வரும்வரை அது திறக்காது. அந்த அழுத்தத்தில் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே போகும். வீட்டுக் குக்கர் விசில் வருவதும் ஏறக்குறைய இதே அழுத்தத்தில்தான். விசில் அடங்காத குக்கரை யாரும் திறக்க மாட்டார்கள். ஆனால் சூடான ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திருகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூடி திறந்த நொடியில் அழுத்தம் இறங்கி, 110 டிகிரியில் இருக்கும் திரவம் மொத்தமும் கொதித்து முகத்துக்கு நேராகப் பீய்ச்சி அடிக்கும். கை, கழுத்து, கண் என்று வெந்துபோகும் காயங்கள் இப்படித்தான் ஏற்படுகின்றன.

குக்கர் மாதிரி இது மூடிய அமைப்பு என்பதால் இன்னொன்றும் புரியும். இன்ஜின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம். கூலன்ட் அப்படி இல்லை. 'மாசம் ஒரு தடவை கொஞ்சம் ஊத்துவேன், வேற பிரச்னை இல்ல' என்று யாராவது சொன்னால், அவர் காரில் கசிவு இருக்கிறது என்றே அர்த்தம். எங்கே என்பதுதான் கேள்வி.

கீழே சொட்டுவது ஏசி தண்ணியா, கூலன்டா?

கார் நின்ற இடத்தில் ஈரத்தைப் பார்த்ததும் பலரும் சொல்வது, 'அட, ஏசி தண்ணிதான்'. பாதி நேரம் அது உண்மையும்கூட. ஏசி தண்ணீர் நிறமில்லாதது, மணமில்லாதது, தொட்டால் பிசுபிசுக்காது, காய்ந்தால் தடம் இருக்காது. முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே, பெரும்பாலும் நடுவிலோ இடதுபக்கமோ சொட்டும். ஏசி போடாமல் ஓட்டிய நாளில் சொட்டாது.

கூலன்ட் பச்சை, பிங்க், சிவப்பு, நீலம், ஆரஞ்சு என ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் லேசாக வழுவழுக்கும். கொஞ்சம் தித்திப்பான வாசனை வரும். (வாசனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. அது விஷம்.) காரணம் தெரியவில்லை என்றால், இரவில் கார் அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, டயர் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிடலாம். காலையில் கறை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் இன்ஜினின் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். செலவு பூஜ்யம்.

அடுத்து, லெவல் பார்ப்பது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பது நல்லது. கூலன்ட் டப்பாவின் பக்கவாட்டில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு கோடுகள் இருக்கும். இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. சில கார்களில் அந்த டப்பா வெறும் உபரி டப்பாதான். அழுத்தம் அதற்குள் வராது, ரேடியேட்டருக்குத் தனி மூடி இருக்கும். சூடாகும்போது வழிந்து டப்பாவுக்கு வரும் கூலன்ட், ஆறும்போது ஒரு மெல்லிய குழாய் வழியாகத் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். அந்தக் குழாயோ மூடியின் ரப்பர் வளையமோ கெட்டுப்போனால் உறிஞ்சாது. டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். தினமும் டப்பாவைப் பார்த்து நிம்மதியாக ஓட்டியவரின் இன்ஜின் ஒருநாள் சீஸ் ஆகி நிற்கும். ஆகவே ரேடியேட்டரில் தனி மூடி உள்ள காராக இருந்தால், ஆறிய நிலையில் அதையும் திறந்து பார்ப்பது அவசியம்.

டேஷ்போர்டு முள்ளை முழுதாக நம்பவும் முடியாது. வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் மொத்தமும் கொட்டிப்போய் அந்த இடத்தில் வெறும் காற்று இருந்தால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் நார்மல் என்று காட்டக்கூடும். ஏறிய முள் திடீரென்று இறங்கினால் 'அப்பாடா' என்று சந்தோஷப்பட வேண்டாம். பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, அதிகச் சூட்டில் சிவப்பு விளக்கு. சிவப்பு எரிகிறது என்றால் 'கவனம்' என்று சொல்கிறது என நினைக்கக் கூடாது. 'இப்பவே நிறுத்து' என்பதுதான் அதன் பொருள்.

எங்கெல்லாம் கசியும்?

கசிந்த கூலன்ட் சூட்டில் ஆவியாகிவிடும். ஆனால் தடயம் விட்டுவிட்டுத்தான் போகும். இணைப்புகளைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பிங்காகவோ உப்புப் பூத்த மாதிரி ஒரு படிவு தெரியும். செல்போன் டார்ச்சை அடித்து அதைத்தான் தேட வேண்டும்.

முதலில் ஹோஸ்கள். ஆறிய இன்ஜினில் கையால் அழுத்திப் பார்த்தால் நல்ல ஹோஸ் கெட்டியாகவும் மீள்திறனோடும் இருக்கும். மொறுமொறு என்று சத்தம் வந்தாலோ, ஊறிய வடை மாதிரி தளர்ந்திருந்தாலோ, முனையில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடலாம். கிளிப் இருக்கும் இடத்தில் கசிந்தால், அதை முரட்டுத்தனமாக இறுக்கக் கூடாது. ஹோஸ் மாட்டியிருக்கும் முனை இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். இறுக்குகிற வேகத்தில் அது கீறிவிட்டால், கிளிப் செலவு ரேடியேட்டர் செலவாகிவிடும்.

அடுத்து ரேடியேட்டர். பழைய கார்களில் அது செம்பும் பித்தளையும்; ஓட்டை விழுந்தால் ரேடியேட்டர் கடையில் சால்டர் வைத்துத் தந்துவிடுவார்கள். இன்றைய ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், இரு ஓரத்திலும் உள்ள தொட்டிகள் பிளாஸ்டிக். இரண்டும் சேரும் மடிப்பில் ஒரு ரப்பர் வளையம். பல வருடங்கள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்த வளையமும் பிளாஸ்டிக்கும் நொறுங்கத் தொடங்கும். கசிவு பெரும்பாலும் அந்த மடிப்பில்தான். எபாக்சி பூசி ஊர் போய்ச் சேரலாம். அதற்கு மேல் நம்ப முடியாது. சின்ன கார்களுக்கு ரேடியேட்டர் விலை சில ஆயிரங்களில் முடிந்துவிடுகிறது என்பதால் புதிதாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். சென்னை புதுப்பேட்டையில் பழைய ரேடியேட்டர் இன்னும் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அதே வயதுள்ள, அதே வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கை வாங்கி மாட்டுவதில் என்ன லாபம்?

வாட்டர் பம்ப் தானே தன் நோயைச் சொல்லிவிடும். அதன் உடம்பில் வேண்டுமென்றே ஒரு சின்ன துளை விட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்தத் துளை வழியாக ஒழுகி எச்சரிக்கும். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்தால், கூலன்ட் பேரிங்குக்குள் போய் பம்பே ஆடிப்போகும். சில இன்ஜின்களில் பம்ப்பை ஓட்டுவது டைமிங் பெல்ட். அங்கே பம்ப் இறுகி நின்றால் பெல்ட் அறுந்து, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதனால் அந்த வகைக் கார்களில் பெல்ட் மாற்றும்போதே பம்ப்பையும் சேர்த்து மாற்றச் சொல்வது மெக்கானிக்கின் பேராசை அல்ல. இரண்டுக்கும் பிரிக்கிற கூலி ஒன்றுதான்.

ஹீட்டர் என்றாலே சென்னைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் குட்டி ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. யாரும் அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை என்பதால் அங்கே கசிந்தால் கண்டுபிடிக்கப் பல மாதங்கள் ஆகும். முன்பக்கம் கால்மிதிக்குக் கீழே கார்பெட் நனைந்திருப்பது, உள்ளே தித்திப்பான நாற்றம், கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் ஆகியவை இதன் அடையாளங்கள். பாகத்தின் விலை குறைவுதான். டேஷ்போர்டைப் பிரித்து மாட்டும் கூலிதான் கண்ணைக் கட்டும்.

வெளியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை, ஆனால் லெவல் மட்டும் இறங்குகிறது என்றால்? அப்போதுதான் கவலைப்பட வேண்டும். கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே போகிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கட். டீசல் கார் என்றால் இஜிஆர் கூலரையும் சந்தேகப்படலாம்.

ஹெட் கேஸ்கட் போனதற்குச் சில அறிகுறிகள் இருக்கின்றன. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது. கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழ் வருவது. இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் தித்திப்பான மணத்தோடு வெள்ளைப் புகை நிற்காமல் வருவது. ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை போன்ற படிவு. ஆனால் கடைசி இரண்டையும் மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஊட்டியில் குளிர்காலக் காலையில் எல்லாக் கார்களிலும் வெள்ளைப் புகை வரும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரின் ஆயில் மூடியிலும் ஈரம் படிந்து நுரை தெரியும்.

அனுமானம் வேண்டாம், டெஸ்ட் இருக்கு

கூலன்ட் பிரச்னையில் நிறைய பணம் வீணாவது ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதில்தான். முதலில் மூடி, அப்புறம் தெர்மோஸ்டாட், அப்புறம் ரேடியேட்டர், கடைசியில் பார்த்தால் கசிவு பம்ப்பில். இதற்குத் தேவையே இல்லை.

பிரஷர் டெஸ்டர் என்பது சைக்கிள் பம்ப் போன்ற கைக்கருவி. இன்ஜின் ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரும்வரை அடிப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் சிஸ்டம் நன்றாக இருக்கிறது. முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. டார்ச் அடித்துத் தேடினால் சொட்டும் இடம் தெரிந்துவிடும். இன்ஜின் ஓடவில்லை என்பதால் ஃபேனில் கை மாட்டும் பயமும் இல்லை. அதே கருவியில் மூடியையும் தனியாகச் சோதிக்கலாம். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் முன்கூட்டியே கொதித்து வழிந்துவிடும். விலை குறைந்த அந்த மூடியைச் சோதிக்காமல் ரேடியேட்டர் மாற்றச் சொன்னால், ஒரு கேள்வி கேட்பதில் தப்பில்லை.

ரொம்ப மெதுவாகக் கசிந்தால் கூலன்டில் ஒளிரும் சாயம் கலந்து, சில நாட்கள் ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஹெட் கேஸ்கட் சந்தேகத்துக்கும் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை நீல நிறத் திரவம் ஒன்றின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு அதில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். 'ஹெட்டை இறக்கணும்' என்று சொல்லும் கடையிடம், இந்தச் சோதனை செய்தீர்களா என்று கேட்க வேண்டும். இறக்கியே தீர வேண்டும் என்றால், ஹெட்டை லேத்துக்கு அனுப்பிச் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். ஒரு தலைமுடியின் தடிமன் அளவு வளைந்திருந்தாலே புது கேஸ்கட்டும் சீக்கிரம் போய்விடும். வளைந்ததைப் பார்க்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால், அதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

எல்லாச் சூடும் கசிவு அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிக்னலிலும் டிராஃபிக்கிலும் மட்டும் ஹீட் ஆகி, ஹைவேயில் சரியாகிவிட்டால் ஃபேனைச் சந்தேகப்படலாம். மோட்டாரோ ஃபியூஸோ ரிலேவோ போயிருக்கும். அப்போது கூலன்ட் கொதித்து வழிவதைக் கசிவு என்று நினைத்துவிடுவார்கள். மாறாக, டவுனில் ஒழுங்காக ஓடி, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் 40 வளைவுகளிலோ ஏறும்போது மட்டும் சூடானால் கூலன்ட் குறைவு, அடைத்த ரேடியேட்டர், பலமிழந்த பம்ப் என்று தேட வேண்டும்.

நடுரோட்டில் நின்றால்

சிவப்பு விளக்கு எரிந்ததும் முதலில் ஏசியை அணைக்க வேண்டும். உடனே ஒதுங்க இடமில்லாத மேம்பாலம் மாதிரி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால், ஹீட்டரை முழு வேகத்தில் போட்டுக் கண்ணாடிகளை இறக்கிவிடலாம். மே மாத மதியத்தில் இது தண்டனை மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தக் குட்டி ரேடியேட்டர் இன்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒதுங்கும் வரைக்கும்தான் இது. ஊர் வரைக்கும் அல்ல.

ஒதுங்கியதும் இன்ஜினை அணைத்து, அபாய விளக்கைப் போட்டு, எல்லோரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் இறங்கி நிற்க வேண்டும். ஆவி அடங்கும்வரை பானெட்டைத் தொடக் கூடாது. மூடியைத் திறக்க முக்கால் மணி நேரமாவது, ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. அவசரத்தில் இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. சூடான வார்ப்பு உலோகம் ஒரே இடத்தில் சட்டென்று சுருங்கினால் கீறல் விழலாம். ஆறிய பிறகு, கசிவு சின்னது என்றால் குடிதண்ணீரையே ஊற்றிக்கொண்டு பக்கத்து மெக்கானிக் வரை மெதுவாகப் போகலாம். ஊற்ற ஊற்றக் கீழே கொட்டினால் டோ வண்டிதான் வழி. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

மஞ்சள் தூள் வைத்தியம்

லாரி ஓட்டுநர்கள் காலம் காலமாகச் செய்துவந்த ஒன்று: ஒழுகும் ரேடியேட்டரில் ஒரு கை மஞ்சள் தூள். கேட்கக் கிண்டலாக இருந்தாலும் அது வேலை செய்யும். தூள் தண்ணீரோடு ஓடி, கசியும் ஓட்டையில் சிக்கி, ஊறி அடைத்துக்கொள்ளும். கடைகளில் விற்கும் கசிவு அடைப்பான் பாட்டில்களும் ஏறக்குறைய இதே தத்துவம்தான். சிக்கல் என்னவென்றால், எது ஓட்டை, எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று மஞ்சளுக்குத் தெரியாது. பழைய லாரி ரேடியேட்டரின் அகலமான குழாய்களுக்குச் சரிப்பட்டது, இன்றைய காரின் குறுகிய அலுமினியக் குழாய்களுக்கும் ஹீட்டருக்கும் அடைப்பாக மாறும். வேறு வழியே இல்லாத நடுக்காட்டில் செய்யலாம். ஆனால் ஊர் போனதும் மொத்தத்தையும் வடித்துக் கழுவியாக வேண்டும்.

இன்னொரு நாட்டு வைத்தியம், 'நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்ல, கழட்டிடலாம்' என்பது. இது தவறு. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும். 'இன்னும் குளிராக இருக்கிறது' என்று நினைத்துக் கணினி கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கும். மைலேஜ் இறங்கும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் கூலன்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்குவழியில் சுற்றிக்கொண்டிருப்பதால், கழற்றிய பிறகு சூடு அதிகமாகவே ஆகும். பழைய தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டால் புதிது மாட்ட வேண்டுமே தவிர, அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது.

எதை ஊற்றுவது?

போர் தண்ணீர் வேண்டாம். சென்னைப் புறநகரில் பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடும் அதே உப்பு, இன்ஜினின் உள்வழிகளிலும் படியும். கூலன்ட் பாட்டிலை வாங்கும்போது, அது நேரடியாக ஊற்றக்கூடியதா, தண்ணீர் கலக்க வேண்டிய அடர்த்தியான வகையா என்று லேபிளைப் படிக்க வேண்டும். கலக்க வேண்டும் என்றால் பெட்ரோல் பங்குகளில் பேட்டரித் தண்ணி என்று விற்கும் காய்ச்சி வடித்த நீர் சரி. வெறும் தண்ணீர் மட்டும் போதுமே என்பவர்களுக்கு ஒரு விஷயம்: கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு நிற்பதில்லை, துருவைத் தடுக்கிறது, பம்ப் சீலையும் காக்கிறது.

நிறத்தைப் பார்த்து வாங்குவது ஆபத்து. எந்த நிறம் எந்த வகை என்று எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட விதி எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் வேறு வேறு வேதிப்பொருளாக இருக்கலாம். ஒத்துப்போகாத இரண்டு கலந்தால் கூழ் மாதிரி திரண்டு குழாய்களை அடைக்கும். உரிமையாளர் கையேட்டில் எழுதியிருக்கும் வகையை அப்படியே வாங்குவதுதான் வழி.

நிரப்பிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். மெக்கானிக் பாஷையில் ஏர் லாக். ஹீட்டரைத் திறந்து வைத்து, மூடியைக் கழற்றிய நிலையிலேயே குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து குமிழ்கள் நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சில கார்களில் இதற்கென்றே தனி ஸ்குரூ இருக்கும். இந்த வேலையை அவசரமாகச் செய்தால் புது ரேடியேட்டர் போட்ட காரும் மறுநாளே ஹீட் ஆகும். வண்டியை எடுத்த பிறகு ஒரு வாரம், தினமும் காலையில் லெவலைப் பார்ப்பது நல்லது. முதல் ஓரிரு நாளில் கொஞ்சம் இறங்கினால் மிச்சக் காற்று வெளியேறியிருக்கும். அதற்கு மேலும் இறங்கினால் கடைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இன்ஷூரன்ஸ் தருமா?

இங்கேதான் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். வழக்கமான கார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்காது. வயதான ஹோஸ் வெடித்து இன்ஜின் வெந்தால் அந்தச் செலவு உரிமையாளர் தலையில்தான். விபத்தில் ரேடியேட்டர் உடைந்தால் அதற்குப் பணம் உண்டு. ஆனால் இந்தியாவின் பொதுவான மோட்டார் பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: விபத்துக்கோ கோளாறுக்கோ பிறகு பழுதுபார்க்காமல் வண்டியை ஓட்டினால், அதனால் வரும் கூடுதல் சேதம் முழுக்க உரிமையாளரின் பொறுப்பு. முன்னால் போன வண்டியில் லேசாக இடித்து, பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டர் கீறியது தெரியாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டி இன்ஜின் சீஸ் ஆனால், ரேடியேட்டருக்குக் கிடைக்கும் பணம் இன்ஜினுக்குக் கிடைக்காமல் போகலாம். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டி வாங்கும் கூடுதல் பாலிசியிலும் எதெல்லாம் அடங்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாங்கும்போதே அந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும். இடி சின்னதாக இருந்தாலும், இறங்கிக் கீழே ஏதாவது சொட்டுகிறதா என்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நகர்வது நல்லது.

கடைசியாக, வடித்த பழைய கூலன்ட். பெரும்பாலான கூலன்ட்களில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். தித்திப்பாக இருக்கும் என்பதால் தெருநாயும் பூனையும் நக்கிவிடும், தவழும் குழந்தையும் தொட்டு வாயில் வைக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் விஷம் அது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சிந்தினால் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி எடுத்து, பிறகு நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வடித்ததைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது மிக ஆபத்தானது. மூடியுள்ள கேனில் எழுதி ஒட்டி, பழைய ஆயிலைச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், முதலில் போதை ஏறியது போலத் தள்ளாடுவார்கள். அறிகுறிக்காகக் காத்திருக்காமல், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால்தான் பலன் அதிகம்.